இன்னொருத்தியின் கல்யாணத்துக்குக் காத்திருந்தவள்

கியெமெத் தன் கல்யாணத்துக்காகக் காத்திருந்த எட்டு வருடங்களில் இளவரசி ஒக்தாவியின் கல்யாணம் மூன்று முறை நின்றுபோனது.

ப்ரெவான் மாளிகையில் அப்படி ஒரு வழக்கம். இளவரசியின் அறையில் வேலை செய்கிற பெண்கள் இளவரசிக்கு முன்னால் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது. அவள் கணவன் நாட்டுக்கு வண்டியேறும் நாளில் அவர்களுக்கும் விடுதலை. ஆளுக்கு ஒரு கட்டில், இரண்டு பெட்டி நிறையத் துணி, நல்ல வார்த்தை எழுதிய ஒரு கடிதம் கொடுத்து அனுப்புவார்கள். வேலைக்குச் சேர்ந்தபோது கியெமெத்துக்குப் பதினாறு வயது. ஒக்தாவிக்குப் பதினைந்து. ஒரு வருடம், மிஞ்சிப்போனால் இரண்டு வருடம் என்று எல்லோரும் சொன்னார்கள். நல்ல ஏற்பாடாகத்தான் தெரிந்தது.

கியெமெத் அலான்சோன் ஊர்க்காரி. அந்த ஊரில் நடக்கத் தெரிந்த பெண்ணுக்கெல்லாம் லேஸ் பின்னத் தெரியும். அவளுக்குப் பின்னுவதைவிடக் கிழிந்ததைச் சரிசெய்வது நன்றாக வந்தது. எங்கே கிழிந்தது என்று தைத்தவளுக்கே மறுநாள் தெரியாது. ப்ரெவான் குடும்பத்தில் லேஸ் நிறைய இருந்தது, எல்லாம் பழையது, புதிது வாங்க வழியில்லை. அரச ரத்தத்தில் தூரத்துக் கிளை அவர்கள். பெயருக்கு முன்னால் போடுகிற பட்டங்கள் மட்டும் குறையவே இல்லை. அதனால் கியெமெத் அந்த வீட்டுக்கு மிகவும் தேவைப்பட்டாள். பாத்திரம் கழுவுவது, கரி அள்ளுவது எதுவும் அவளுக்குக் கிடையாது. விரல் சொரசொரத்தால் நூல் சிக்கும்.

முதல் மாப்பிள்ளை இத்தாலியில் இருந்தான். பேச்சு முடிகிற நேரத்தில் அம்மை போட்டு இறந்துபோனான். இரண்டாமவன் ஒக்தாவிக்கு எங்கோ சுற்றி வளைத்து அத்தை மகன். ரத்த உறவு என்பதால் ரோமிலிருந்து அனுமதி வர வேண்டும். அனுமதி வந்தது, அவனுக்கு வேறு பெண்ணோடு கல்யாணம் ஆகிப் பதினோரு நாள் கழித்து. மூன்றாவது சம்பந்தம் துக்கத்தில் கரைந்தது. ஒரு அரசவையில் யாரோ இறந்து ஆறு மாதம் கறுப்பு. அது முடிவதற்குள் இன்னொரு அரசவையில் இன்னொருவர். இரண்டு வருடம் இரண்டு பக்கமும் மாறி மாறி இரங்கல் கடிதம் எழுதி, கடைசியில் எதற்காகப் பேச ஆரம்பித்தோம் என்பதே இருவருக்கும் மறந்துவிட்டது.

இரண்டாவது சம்பந்தத்திலிருந்து ஒவ்வொரு முறை நின்றபோதும் கியெமெத் ஆற்றங்கரைக்குப் போய் துசேனிடம் சொல்ல வேண்டியிருந்தது.

துசேன் கார்தோ லுவார் ஆற்றில் படகு விடுகிறவன். ஆன்ஜெர் பக்கத்துக் கூரைப் பலகைக் கல்லை ஏற்றிக்கொண்டு, மேற்குக் காற்று வீசும்போது பாய் விரித்து ஆற்றுக்கு எதிராகப் போவான். திரும்பும்போது மது பீப்பாய்கள். கோடையில் ஆற்றில் தண்ணீர் இல்லாதபோது மணலில் உட்கார்ந்து வலை பின்னுவான். அப்படி ஒரு கோடையில் அவன் வலை முடிச்சைப் பார்த்து, "இது அவிழ்ந்துடும்" என்று சொன்னவள் கியெமெத். "அவிழ்ந்தா வந்து போட்டுக் குடு" என்றான். அப்படித்தான் ஆரம்பித்தது.

மூன்றாவது சம்பந்தம் நின்றதைச் சொல்லப் போனபோது அவன் சிரித்தான்.

"இந்தத் தடவை யார் செத்தாங்க?"

"சிரிக்காதே."

"சிரிக்கல. உங்க வீட்டு இளவரசியைப் பொண்ணு கேட்டா ஆயுசு குறையுமோன்னு பார்க்கிறேன். எங்க அக்கா கேட்குறா, நான் கட்டிக்கப்போற பொண்ணு நிஜமா இருக்காளா, இல்ல நீயே கட்டிவிட்ட கதையான்னு."

"நீ என்ன சொன்ன?"

"இருக்கா, ஆனா பெரிய இடம்னு சொன்னேன். எங்க பெரிய இடம்னு கேட்டா. மாளிகையைக் காட்டினேன். அது அவளுக்கே தெரியும், ஜன்னல்ல பாதிக்குப் பலகைதானே அடிச்சிருக்குன்னா."

அந்தக் கட்டிலும் பெட்டிகளும் அவனுக்கு வேண்டும் என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. வேண்டாம் என்றும் சொன்னதில்லை. இதைக் கியெமெத் கவனித்து வைத்திருந்தாள்.

நாலாவது சம்பந்தம் ஜெர்மன் பக்கத்திலிருந்து வந்தது. வால்டன்ரோட் என்ற சின்ன நாட்டின் இளவரசன். நாற்பத்தாறு வயது, மனைவி இறந்தவன். படம் கேட்டிருந்தான். பாரிஸிலிருந்து பாசெலியே என்ற ஓவியரை வரவழைத்தார்கள்.

ஒக்தாவி இரண்டு முறை, முறைக்கு ஒரு மணி நேரம் முகத்துக்காக உட்கார்ந்தாள். அதற்கு மேல் எந்த இளவரசியும் உட்கார மாட்டாள், எந்த ஓவியரும் கேட்க மாட்டார். உடையையும் கையையும் வரைய அதே உயரத்தில் வேறு ஒருத்தியை உட்காரவைப்பார்கள். கியெமெத் ஒன்பது நாள் நீலப் பட்டு உடுத்திக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் மூக்கு அரித்தது.

"அசையலாமா ஐயா?"

"கையை மட்டும்தான் வரையறேன். மூக்கைத் தாராளமா சொறிஞ்சுக்க."

"எந்தக் கையால சொறியறது?"

பாசெலியே தூரிகையைக் கீழே வைத்து, யோசித்து, தானே எழுந்து வந்து தூரிகையின் பின்பக்கத்தால் அவள் மூக்கைச் சொறிந்துவிட்டார். மறுபடி உட்கார்ந்து வரைந்தார்.

கையை வேறொருத்தியிடம் கடன் வாங்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒக்தாவி நகம் கடிப்பாள். நகத்தோடு நிற்காது. சதை தெரியும், சில நாள் ரத்தம் தெரியும். சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. கையுறை போட்டால் மறைந்துவிடும்.

படம் போய் இரண்டு மாதத்தில் பதில் வந்தது. இளவரசருக்குத் திருப்தி, தூதராக பாரன் பட்டம் உள்ள பிரபு ஒருவர் நேரில் வருவார், முறைப்படி பேசி முடிப்பார். கடைசி வரியில் இப்படி இருந்தது: 'அந்தக் கைகளின் நேர்த்தி என் எஜமானரின் நினைவை விட்டு அகலவில்லை.'

பெரிய இளவரசி, அதாவது ஒக்தாவியின் தாய், அந்த வரியை இரண்டு முறை படிக்கச் சொன்னார். பிறகு அறைப் பெண்களுக்குத் தலைவியான மதாம் தெபோர்த்தைப் பார்த்தார்.

"தூதர் வந்ததும் இவள் கையுறையைக் கழற்றிக் கையை நீட்டணும்."

"ஆமாம்மா."

"எத்தனை நாள் இருக்கு?"

"நாற்பது நாள்."

நகம் வளர நாற்பது நாள் போதும், கடிக்காமல் இருந்தால். கடிக்காமல் பார்த்துக்கொள்கிற வேலை கியெமெத்திடம் வந்தது. கசப்புச் சாறு தடவிப் பார்த்தார்கள். ஒக்தாவிக்கு இரண்டு நாளில் அது பழகிவிட்டது. விரல் பிரியாத ஆட்டுத்தோல் கையுறை போட்டு, அதை மணிக்கட்டில் சட்டைக் கையோடு சேர்த்துத் தைக்கச் சொன்னார்கள். தினமும் காலையில் கியெமெத் தைப்பாள். சாப்பாட்டு நேரத்தில் பிரிப்பாள், பக்கத்திலேயே நிற்பாள், மறுபடி தைப்பாள். கிழிந்ததைத் தைத்தே பழகியவளுக்கு ஒரு பெண்ணைத் தைத்து வைப்பது என்னவோபோல் இருந்தது. ஆனாலும் தையல் நெருக்கமாகவே விழுந்தது. இந்த நாற்பது நாள் போனால் ஆற்றங்கரையில் ஒரு வீடு. அவள் கை தளரவில்லை.

எட்டாம் நாள் பிரிக்கும்போது பார்த்தாள், கட்டைவிரல் பக்கம் தோல் ஈரமாக இருந்தது. ஒக்தாவி கையுறையோடு சேர்த்தே கடித்திருக்கிறாள்.

"சின்னம்மா."

"தெரியாம வாய்க்குப் போயிடுது."

"இது அஞ்சாவது ஜோடி."

"தோலுக்கு ருசியே இல்ல. நல்ல ஆடா பார்த்து வாங்கச் சொல்லு." ஒக்தாவி சிரித்தாள். கியெமெத் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "கல்யாணம் எனக்கு. உனக்கு ஏன் இவ்வளவு பதற்றம்?"

சொல்லியிருக்கத் தேவையில்லை. எட்டு வருடம் சொல்லாமல் இருந்ததுதான். ஆனால் கேட்டது உண்மையான கேள்வியாக இருந்தது. தெரியாமல்தான் கேட்டாள்.

"நீங்க போனாத்தான் நாங்க போக முடியும் சின்னம்மா."

"எங்க?"

"கல்யாணம் பண்ணிக்க."

ஒக்தாவி அவளைப் பார்த்தபடி இருந்தாள். "யார் சொன்னது?"

"வீட்டு வழக்கம். உங்களுக்குத் தெரியாதா?"

"எங்கிட்ட யாரும் சொல்லல. உனக்குன்னு ஆள் இருக்கா?"

"இருக்கார். படகு விடுறார்."

"எவ்வளவு நாளா?"

"உங்க அத்தை பையனுக்கு ரோமுக்கு எழுதினாங்களே, அந்த வருஷத்துலேருந்து."

ஒக்தாவி விரல்விட்டு எண்ணப் போனாள். கையுறையில் விரல்கள் தெரியவில்லை, கையை மடியில் போட்டுக்கொண்டாள். கியெமெத் ஊசியைக் கோத்து மணிக்கட்டருகே கொண்டுவந்தபோது கையை இழுத்துக்கொண்டாள்.

"தைக்க வேண்டாம். நான் பார்த்துக்கறேன்."

பார்த்துக்கொண்டாள். அதைப் பார்ப்பதற்குத்தான் கியெமெத்துக்குக் கஷ்டமாக இருந்தது. விரல் உதடுவரை போகும், அங்கேயே நிற்கும், இறங்கும். சில நாள் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமர்ந்திருப்பாள், பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி. எனக்காக இதைச் செய்கிறாளா, தான் போய்ச் சேர வேண்டும் என்று செய்கிறாளா என்று கியெமெத் யோசித்தாள். அவள் போக வேண்டும் என்று நான் இத்தனை வருடம் வேண்டிக்கொண்டேனே, அவள் எங்கே போகிறாள் என்று ஒருநாளாவது நினைத்தேனா என்றும் யோசித்தாள். நினைத்ததில்லை. முப்பத்தைந்தாம் நாள் எல்லா விரலிலும் வெள்ளைப் பிறை தெரிந்தது.

தூதர் பாரன் வந்தார். குட்டையான மனிதர், வழியில் சளி பிடித்திருந்தது. வரவேற்பறையில் ஒக்தாவி கையுறையைக் கழற்றிக் கையை நீட்டினாள். கியெமெத் அவள் பின்னால் இரண்டடி தள்ளி, சட்டைக் கை லேஸ் அவிழ்ந்தால் எடுத்துவிட நின்றிருந்தாள். பாரன் குனிந்தார். தன் சளி தொற்றிவிடக் கூடாது என்று கைக்கு ஒரு சாண் மேலேயே காற்றில் முத்தமிட்டுவிட்டு நிமிர்ந்தார். பார்க்கவே இல்லை. பிறகு எல்லோரும் உட்கார்ந்தார்கள், பேச்சு உட்காருவதைப் பற்றியே ஆனது.

பெரிய இளவரசி கேட்டார்: "உங்கள் அரண்மனையில் என் மகளுக்கு எந்த நாற்காலி?"

"முதுகுச் சாய்வு உள்ள நாற்காலி, அம்மா."

"கை வைத்ததா?"

பாரன் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "கை வைத்த நாற்காலி இரண்டுதான். ஒன்றில் என் எஜமானர். இன்னொன்றில் அவருடைய தமக்கை."

"மூன்றாவது செய்ய உங்கள் ஊரில் தச்சன் இல்லையா?"

"தச்சன் இருக்கிறான். வழக்கம் இல்லை."

"இவள் ராஜாவின் ரத்தம். கையில்லாத நாற்காலியில் என் வீட்டுக் கணக்குப்பிள்ளை உட்காருவான்."

மூன்று நாள் இதே பேச்சு. சீதனம் முதல் நாளே முடிந்திருந்தது. மதம் பிரச்சினை இல்லை. ஒக்தாவிக்கு எந்த ஜெபக்கூடம், எத்தனை பணிப்பெண்கள், எல்லாம் முடிந்தது. அந்த நாற்காலி மட்டும் நின்றது. கியெமெத் அறை மூலையில் நின்று அந்த வீட்டு நாற்காலிகளின் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முழ நீளத்துக்கு இரண்டு மரத்துண்டு. முனையில் சின்ன சுருள் வேலைப்பாடு. மூன்றாம் நாள் மாலை பாரன் எழுந்து, மிக மரியாதையாக, தனக்கு இதற்கு மேல் அதிகாரம் இல்லை என்றார். பெரிய இளவரசியும் மிக மரியாதையாக, வழியில் குளிராமல் போர்த்திக்கொண்டு போகச் சொன்னார்.

பெட்டிகள் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தபோது பாரனின் எழுத்தர், இளைஞன், சமையலறையில் விலாங்கு மீன் குழம்பில் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மதாம் தெபோர்த் மனசு ஆறாமல் கேட்டாள்.

"உங்க இளவரசருக்கு அந்தக் கைங்க அவ்வளவு பிடிச்சிருந்துதே. அதுக்காகவாவது ஒரு நாற்காலி செய்யக் கூடாதா?"

"எந்தக் கை?"

"கடிதத்துல எழுதியிருந்தீங்களே."

"அதுவா." அவன் வாயைத் துடைத்துக்கொண்டான். "எழுதினது நான்தான். எல்லாருக்கும் கையைத்தான் புகழ்வோம். முகத்தைப் புகழ்ந்தா வாக்கு குடுத்த மாதிரி ஆயிடும். போன வருஷம் மூணு பொண்ணுங்களுக்கு எழுதினேன், மூணும் கைதான்."

கியெமெத் மூலையில் சூப் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள். மதாம் தெபோர்த் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இருவருக்கும் சிரிப்பு வந்திருக்கும், அல்லது வேறெதாவது.

மறுநாள் காலை ஒக்தாவி ஜன்னலருகே உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தாள். மறைக்கவில்லை.

"மன்னிச்சுக்க," என்றாள். "எனக்கு முக்காலி குடுத்தாக்கூடப் போதும்னு அம்மாகிட்டச் சொன்னேன். அதுலேருந்து அவங்க எங்கிட்டப் பேசல."

"நிஜமா போகணும்னு நினைச்சீங்களா சின்னம்மா?"

ஒக்தாவி யோசித்தாள். "தெரியல. ஒரு வழியா எங்கயாவது போனா, போக ஆசை இருந்துச்சா இல்லையான்னு அங்க போய்த் தெரிஞ்சுக்கலாம்னு நினைச்சேன்." விரலைப் பார்த்தாள். "நீ இனி எனக்காகக் காத்திருக்காதே. நானே யாருக்குக் காத்திருக்கேன்னு எனக்குத் தெரியாது. உன்னை விடுவிக்கிற அதிகாரம் எனக்கு இல்ல. ஆனா நீ போனா நான் கூப்பிட மாட்டேன்."

கியெமெத் அன்றைக்கே மதாம் தெபோர்த்திடம் போனாள். அவள் அலமாரித் துணிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகாதவள்தான் அவளும். பதவியினால் மதாம் என்று அழைத்தார்கள். ஒக்தாவியின் அத்தைக்குப் பணிப்பெண்ணாக வந்தவள். அந்த அத்தை கடைசியில் கன்னியர் மடத்துக்குப் போய்விட்டாள். மடத்துக்குப் போனதைக் கல்யாணக் கணக்கில் வைக்கலாமா என்று வீட்டில் யாரும் முடிவு செய்யவில்லை.

"போனா கட்டில் கிடையாது," என்றாள் அலமாரியிலிருந்து தலையை எடுக்காமல். "பெட்டி கிடையாது. கடிதமும் கிடையாது. எட்டு வருஷம் ஒண்ணுமில்லாமப் போகும்டி."

"தெரியும் மதாம்."

"பெரிய இளவரசிக்குத் தெரிஞ்சா சும்மா இருக்க மாட்டாங்க. கோயில்ல உன் கல்யாண அறிவிப்பை இந்த ஊர்லயும்தானே படிக்கணும், இல்லாட்டி கல்யாணம் செல்லாதே? பாதிரியாருக்குச் சோறு போடுறதே இந்த வீடு. அம்மா ஒரு தடவை முகத்தைச் சுளிச்சாப் போதும், அவர் காகிதத்தை மடிச்சு வெச்சுடுவார். அதையும் யோசிச்சியா?"

"யோசிச்சேன்."

"அம்மாகிட்ட நான் என்ன சொல்றது?"

"எனக்கு இருபத்திநாலு வயசு ஆயிடுச்சுன்னு சொல்லுங்க."

மதாம் தெபோர்த் எண்ணிக்கொண்டிருந்த எண்ணிக்கை தப்பியது. மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.

ஆற்றங்கரையில் துசேன் பாயைத் தைத்துக்கொண்டிருந்தான். அவள் ஒரு மூட்டையோடு வருவதைப் பார்த்து எழுந்தான். அவளுக்குப் பின்னால் பார்த்தான், வண்டி ஏதாவது வருகிறதா என்று.

"கல்யாணம் ஆயிடுச்சா அந்தப் பொண்ணுக்கு?"

"இல்ல."

"இந்தத் தடவை யார் செத்தாங்க?"

"யாரும் சாகல. நாற்காலி." அவளுக்கு அதற்கு மேல் விளக்க முடியவில்லை. "கட்டிலும் இல்ல, பெட்டியும் இல்ல துசேன். என்னால இனிமே காத்திருக்க முடியாது. உனக்கு அது வேணும்னா இப்பவே சொல்லிடு."

அவன் உடனே பதில் சொல்லவில்லை. கியெமெத் அந்த நேரத்தை ஒருநாளும் மறக்கவில்லை. நீளமான நேரம் ஒன்றுமில்லை, ஒரு தையல் போட்டு முடிக்கிற நேரம். ஆனால் அவன் உண்மையாகவே யோசித்தான். யோசிக்காமல் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள்.

"கட்டில் இருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்," என்றான். "எங்க அக்காகிட்டப் பெருமையா சொல்லி வெச்சுட்டேன். சரி, திட்டு வாங்கிக்கறேன். மூணு ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு படிக்கணும், அதுவரைக்கும் அவ வீட்லதான் நீ இருக்கணும். பேசியே கொல்லுவா, பரவாயில்லையா?"

"பரவாயில்ல."

துசேனின் ஊரில் தொல்லை இல்லை. கியெமெத் எட்டு வருடம் வசித்த ஊர் ப்ரெவான் என்பதால் அங்கேயும் மூன்று ஞாயிறு படித்தாக வேண்டும். முதல் இரண்டு ஞாயிறும் மழை. முன்வரிசையில் மாளிகைக்காரர்களின் ஆசனம் காலியாக இருந்தது, பாதிரியார் வேகமாகப் படித்துவிட்டார். மூன்றாம் ஞாயிறு வெயில் அடித்தது. கியெமெத்தும் துசேனும் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நின்றார்கள். பிரார்த்தனை தொடங்கிய பிறகு கதவு திறந்து, பெரிய இளவரசியும் ஒக்தாவியும் பின்னால் மதாம் தெபோர்த்தும் நடந்து போய் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள்.

கியெமெத் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினாள். துசேன் அவள் பக்கம் திரும்பாமல் தன் தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தான்.

பிரசங்கம் முடிந்து பாதிரியார் காகிதத்தை எடுத்தார். முன்வரிசையை ஒரு முறை பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"துசேன் கார்தோ, படகோட்டி. கியெமெத் வாலே, அலான்சோன் ஊரைச் சேர்ந்தவள். மூன்றாவதும் கடைசியுமான அறிவிப்பு. இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம்."

காகிதம் அவர் கையில் விரித்தபடியே இருந்தது. பெரிய இளவரசி தலையைத் திருப்பினார். அவருக்குக் காது மந்தம், அதனால் சன்னமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு கேட்டது கோயில் முழுக்கக் கேட்டது.

"யாரு இந்த கியெமெத் வாலே?"

மதாம் தெபோர்த் ஒக்தாவியைப் பார்த்தாள். ஒக்தாவி ஜெபப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திருப்பினாள்.

"யாரோ படகுக்காரங்க வீட்டுப் பொண்ணும்மா," என்றாள் மதாம் தெபோர்த்.

பெரிய இளவரசி தலையசைத்துவிட்டு முன்னால் பார்த்து உட்கார்ந்தார். பாதிரியார் காகிதத்தைப் பின்பக்கம் திருப்பி, ஊரில் காணாமல்போன ஒரு பசுவைப் பற்றி அறிவிக்கத் தொடங்கினார்.